அந்தத் தாயைக் கேட்டீங்களா?

அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு எதிர்முனையில் இருப்பவரின் முகம் தெரியாது. குரல் மட்டும்தான். அந்தக் கட்டுப்பாட்டு அறையின் குரல்களிலேயே பதறாத குரல் என்று பெயர் வாங்கியவள் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பக்கத்து நாற்காலிக்காரர் ஒருநாள், "வீடு பத்தி எரியுதுன்னு ஒருத்தன் கத்துறான், இவ வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி பதில் சொல்றா" என்று சொல்லப்போக, அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் ரேடியோ ஆகிவிட்டாள். அப்படிச் சொன்னவர் ஒரு காலத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். இடுப்பு போனதும் கொண்டுவந்து இங்கே உட்கார வைத்திருந்தார்கள். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் சித்தப்பா.

மேற்பார்வையாளருக்கு அறையில் இருந்த பெயர் கண்ணாடி. வந்து சேர்ந்த புதிதிலேயே ஒவ்வொரு மேசையிலும் உள்ளங்கை அகலத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி ஒட்டவைத்த மனிதர். சிரித்த முகமாகப் பேசினால் குரலில் அது தெரியுமாம். "நெஞ்சு வலிக்குதுன்னு கூப்பிடறவன்கிட்டயும் சிரிக்கணுமா சார்?" என்று சித்தப்பா கேட்டதற்கு, "அவங்ககிட்டதான் முக்கியமா" என்றார். சித்தப்பா அந்தக் கண்ணாடியைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொள்வார். அதோடு சரி.

ஒரு காலை. ரேடியோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். பச்சை விளக்கு மின்னியது. எடுத்தாள். எதிர்முனையில் ஒரு பெண். வார்த்தை வரவில்லை, மூச்சுதான் வந்தது. பிறகு துண்டு துண்டாக விஷயம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. குழந்தை விழுந்துவிட்டது. தூக்கிவிட்டாள். மூச்சு இல்லை.

ரேடியோ முகவரியை வாங்கினாள், வண்டியை அனுப்பினாள். "போனை ஸ்பீக்கர்ல போட்டுத் தரையில வைங்கம்மா. குழந்தையைச் சமமான இடத்துல மல்லாக்கப் படுக்க வைங்க. நான் கூடவே இருக்கேன்." வாயோடு வாய் வைத்து எப்படி ஊதுவது என்று சொன்னாள். நெஞ்சில் எந்த இடத்தில் கையை வைப்பது என்று சொன்னாள். "நான் எண்ணுறேன், நீங்க அழுத்துங்க."

எண்ணினாள். அந்தப் பெண் அழுத்தினாள். எண்ணிக்கைக்கு நடுவே "கண்ணு, எந்திரி கண்ணு" என்று ஒரு கேவல். வண்டியோ பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. திரையில் வண்டியைக் காட்டும் புள்ளி நகரவே இல்லை. ரேடியோ எண்ணுவதை நிறுத்தவில்லை, குரலும் மாறவில்லை. ஒருவழியாகக் கதவு தள்ளப்படும் சத்தம், காலடிச் சத்தம், "நகருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று ஒரு ஆண்குரல். இணைப்பு அறுந்தது.

அவள் மூச்சை வெளியே விடுவதற்குள் பச்சை விளக்கு மறுபடி மின்னியது.

"என் கேட்டுக்கு முன்னாடி எவனோ காரை நிறுத்திட்டுப் போயிருக்கான். யாரைக் கேட்டு நிறுத்தினான்? உடனே ஆளை அனுப்புங்க!"

"உங்க முகவரி சொல்லுங்க ஐயா" என்றாள் ரேடியோ, அதே குரலில்.

சித்தப்பா எழுந்து மேற்பார்வையாளரின் அறைக்குப் போனார். "சார், அந்தப் பொண்ணைக் கொஞ்ச நேரம் வெளியே அனுப்புங்க. வெளிறிப் போய் உக்காந்திருக்கா."

"லைன்ல ஆளுங்க காத்திருக்காங்களே. அந்தம்மா கெட்டிக்காரங்க, சமாளிச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குழந்தை பிழைக்கவில்லை. வண்டியில் போனவர்களிடம் விசாரித்து சித்தப்பாதான் சொன்னார். மென்று விழுங்கித்தான் சொன்னார். ரேடியோ தலையை ஆட்டிவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, நாற்காலிக்குத் திரும்பினாள்.

வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். உச்சந்தலை வரை கிரீஸ் வாசனையோடு வருகிற மனிதர், வாயைத் திறந்தால் கிண்டல்தான். அவர் துணி ஊறவைக்க வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தால், இவள் வந்து கவிழ்த்துவிட்டுப் போவாள். "என்னடி, பிடிக்கப் பிடிக்கக் கொட்டறே?" என்றால், "வழியில இருந்துச்சு" என்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். கூப்பிட்டால் "ம்" என்பாள்.

"நடுமாடியில நின்னுபோன லிஃப்ட் மாதிரி இருக்கே" என்றார் அவர் ஒருநாள். "உள்ள ஆள் இருக்குன்னு தெரியுது. கதவுதான் திறக்க மாட்டேங்குது."

"வேலைக் களைப்பு" என்றாள்.

மகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு வந்திருந்தாள், அந்த வயதுக்குரிய வாய்த்துடுக்கோடு. ஒரு மாலை வெங்காயம் நறுக்கும்போது கத்தி நழுவி விரலில் ஆழமாக இறங்கிவிட்டது. "அம்மா!" என்று அலறினாள். ரேடியோ வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். வாசற்படியில் நின்றபடி கேட்டாள்:

"ரத்தம் எவ்வளவு வருது? சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வச்சுக்கோங்க. பதற வேண்டாம், நான் கூடவே இருக்கேன்."

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "அம்மா... என்னை ஏன் வாங்க போங்கன்னு பேசறே?"

ரேடியோவுக்கு அப்போதுதான் உறைத்தது. போய்க் கட்டுப்போட்டாள். "கை வலிக்குதாடி?" என்று கேட்டாள். அப்பா வந்ததும் மகள் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அது விரல் காயத்துக்கான அழுகை இல்லை என்று அவருக்கும் புரிந்தது.

இந்த நிலைமையில்தான் அலுவலகத்தில் குடும்பநாள் வந்தது. தீயணைப்புக்காரர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், கட்டுப்பாட்டு அறைக்காரர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும், மனநல மருத்துவர் ஒருவர் பேசுவார் என்று அறிவிப்பு. மேற்பார்வையாளர் ரேடியோவிடம் மட்டும் தனியாக வந்து சொன்னார்: "வீட்டுக்காரரையும் பொண்ணையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

கூட்ட அறையில் மஞ்சள் பலூன்கள். மேடையில் மைக், பெரிய ஒலிபெருக்கி. பேச வந்திருந்த டாக்டரம்மா நல்லவராகத்தான் தெரிந்தார். உபதேசம் செய்யவில்லை. "வீட்டுல என்ன மாறிப்போச்சு? சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க" என்று குடும்பத்தாரைப் பார்த்துக் கேட்டார். ஒரு தீயணைப்பு வீரரின் மனைவி எழுந்து, "இவர் வந்ததும் குளிக்கப் போவார். தண்ணி விழற சத்தம் நின்னப்புறமும் வெளியே வரமாட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் உக்காந்திருப்பேன்" என்றாள். அவள் கணவன் தலையைக் குனிந்துகொண்டான். அறையில் ஓர் அமைதி. முதல்முறையாக அந்த இடத்தில் யாரோ உண்மையைப் பேசிவிட்டார்கள்.

அந்த அமைதி மேற்பார்வையாளருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "டாக்டரம்மா கஷ்டமான பக்கத்தைப் பார்த்தாங்க. நாம நல்ல பக்கத்தையும் பார்ப்போம். எவ்வளவு பெரிய நெருக்கடியிலயும் பதறாம இருக்க முடியும்னு நம்ம ஆள் ஒருத்தர் காட்டியிருக்காங்க. கேளுங்க, அப்புறம் அவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுப்போம்." கணினியில் எதையோ தட்டினார்.

ஒலிபெருக்கியில் முதலில் வந்தது ஒரு மூச்சு. வார்த்தை இல்லாத, கிழிந்த மூச்சு.

அந்த மூச்சிலேயே ரேடியோவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் அவள் குரலே அறை முழுக்க நிறைந்து எண்ண ஆரம்பித்திருந்தது. எண்ணிக்கைக்கு நடுவே, "கண்ணு, எந்திரி கண்ணு." முன்வரிசையில் ஒரு பெண் தன் மடியில் இருந்த குழந்தையின் காதைப் பொத்தினாள். மகள் அம்மாவின் முழங்கையை இறுகப் பிடித்தாள். "அம்மா, இது நீதானே?"

ரேடியோ எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்து போய், ஒலிபெருக்கியின் வயரைப் பிடித்து இழுத்தாள்.

"என்னம்மா பண்றீங்க? உங்களைப் பாராட்டத்தானே..."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க சார்?"

"இது அலுவலக ஒலிப்பதிவு. அலுவலகச் சொத்து."

"என் குரல் உங்க சொத்தாவே இருந்துட்டுப் போகட்டும். நான் இங்கே வேலை பார்க்கறவ. அந்த அம்மா எப்போ இங்கே வேலைக்குச் சேர்ந்தாங்க? அவங்க அழுகை எப்படி உங்க சொத்தாச்சு? அந்தத் தாயைக் கேட்டீங்களா?"

"யாரோட குரல்னு இங்கே யாருக்கும் தெரியாதே..."

"அவங்களுக்குத் தெரியும்!"

மேற்பார்வையாளர் வேறு பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு இன்னொரு சந்தேகம் தட்டியது. "இதுக்கு முன்னாடி எங்கெங்கே போட்டீங்க?"

"புதுசா வர்றவங்க பயிற்சிக்கு... ஒரு நல்ல உதாரணமா..."

"நல்ல உதாரணமா?" அவள் குரல் உடைந்தது. அந்த அறையில் யாரும் அதுவரை கேட்டிராத குரல் அது. "அந்தக் குழந்தை செத்துப்போச்சு. அதைச் சொன்னீங்களா அவங்ககிட்ட? லைன் அறுந்ததும் நான் அடுத்து எடுத்தது என்ன கால்னு சொன்னீங்களா? கேட்டுக்கு முன்னாடி எவனோ காரை நிறுத்திட்டானாம். அவன்கிட்டயும் இதே குரல்லதான் பேசினேன். இப்போ என் பொண்ணுகிட்டயும் இதே குரல்லதான் பேசறேன். இதுக்குத்தான் கை தட்டச் சொல்றீங்களா?"

யாரும் கை தட்டவில்லை. டாக்டரம்மா மெல்ல எழுந்தார். "இதைப் போடப்போறதா என்கிட்ட நீங்க சொல்லவே இல்லை சார். காயத்தைப் பத்திப் பேசன்னு என்னைக் கூப்பிட்டுட்டு, பக்கத்துல நின்னுகிட்டே அதைக் கீறிவிடறீங்க. இதுக்கு மேல நான் இந்த மேடையில இருக்க மாட்டேன்." இறங்கிவந்து ரேடியோவின் மகள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மூவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். சமையலறை மேசையில்தான் ரேடியோ எல்லாவற்றையும் சொன்னாள். தொட்டி, பாலம், நகராத புள்ளி, ஆறிய டீ. கணவர் வழக்கமான கிண்டல் எதையும் எடுக்கவில்லை. "அதான் வாளியைக் கவிழ்த்துக்கிட்டே இருந்தியா?" என்று மட்டும் கேட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா அது இந்த வீட்டுக்குள்ளயும் வந்துடும்னு நினைச்சேன்."

"சொல்லலைன்னாலும் வந்துடுச்சேம்மா" என்றாள் மகள். வாய்த்துடுக்கில் சொல்லவில்லை. அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டுதான் சொன்னாள். ரேடியோ அப்போதுதான் அழுதாள். அவர்கள் அழவிட்டார்கள்.

பிறகு கணவர் சொன்னார்: "போதும். வேலையை விட்டுடு."

"நான் எதுக்கு விடணும்? தப்புப் பண்ணினது நானா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவள் கேட்ட வேகத்தைப் பார்த்து, அவருக்குப் பாதி உயிர் வந்தது.

அலுவலகத்தில் அவளுக்காக ஓர் உத்தரவு காத்திருந்தது. பழைய ஒலிப்பதிவுகளை அடுக்கிவைக்கும் கீழ்த்தள அறைக்கு மாற்றம். சன்னல்கூட இல்லாத அறை.

"தண்டனையா சார்?"

"சேச்சே, ஓய்வு. அதைத்தானே உங்க சித்தப்பா அன்னிக்குக் கேட்டார்?" மேற்பார்வையாளர் சிரித்தமுகமாகவே சொன்னார்.

சேதி கேட்டதும் கட்டுப்பாட்டு அறை கொதித்துப்போனது. ஆனால் என்ன செய்ய முடியும்? போனை எடுக்காமல் இருந்தால் எங்கோ ஓர் உயிர் போகும். "நாம போனைக் கீழே வைக்க மாட்டோம்னு அந்த ஆளுக்கு நல்லாத் தெரியும்" என்றார் சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு. "நம்ம மனசாட்சியைப் பிடிச்சுத்தான் நம்மளை ஆட்டி வைக்கிறான். சரி, போனை எடுப்போம். ஒண்ணுவிடாம எடுப்போம். ஆனா அவன் சொல்ற மாதிரி இல்ல."

அன்று முதல் ஒரு புது வழக்கம் வந்தது. மனதை உலுக்கிய 'கெட்ட கால்' ஒன்றைப் பேசி முடித்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து வெளியே போவார். பக்கத்து நாற்காலி அவருடைய அழைப்பையும் சேர்த்து எடுக்கும். யாரும் அனுமதி கேட்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து, "யாரைக் கேட்டு எழுந்து போறாங்க?" என்று கத்துவார். யாரும் பதில் சொல்ல முடியாது. எல்லோரும் லைனில் இருப்பார்கள். "கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், நெஞ்சு வலிக்காரர் லைன்ல இருக்கார்" என்று சித்தப்பா ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு சொல்வார். ஒரு காலை மேற்பார்வையாளர் தன் அறைக்கு வந்தபோது, அத்தனை மேசைக் கண்ணாடிகளும் பிய்க்கப்பட்டு அவர் மேசைமேல் குவிந்து கிடந்தன.

அந்தத் தீயணைப்பு வீரரின் மனைவியும் டாக்டரம்மாவும் இதற்குள் துறை இயக்குநரைப் போய்ப் பார்த்திருந்தார்கள். அவர் மெலிந்த, களைத்த மனிதர். கீழ்த்தள அறைக்கே இறங்கி வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன வேணும்னு சொல்லுங்கம்மா."

"கெட்ட கால் முடிஞ்சா எழுந்து போக உரிமை வேணும் சார். அதுக்கு யார்கிட்டயும் கெஞ்சக் கூடாது. போய்ப் பேசறதுக்கு எங்களுக்கும் எங்க வீட்டு ஆளுங்களுக்கும் ஒரு டாக்டர் வேணும். நாங்க பேசறது எந்த மேற்பார்வையாளர் காதுக்கும் போகக் கூடாது."

"ரெண்டும் நியாயம். செஞ்சுடலாம். உங்க மேற்பார்வையாளரையும் வேற இடத்துக்கு மாத்தறேன். பழைய நாற்காலிக்கே நீங்க போகலாம்." எழுந்திருக்கப் போனார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார். அந்த அம்மாகிட்டப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்."

இயக்குநர் மறுபடி உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாருங்க. நாம சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியவே போறதில்லை. ஆறாத புண்ணு, அதுல போய் விரலை விடணுமா?"

"தெரியவே போறதில்லைங்கற தைரியத்துலதானே சார் இத்தனை தடவை போட்டாங்க? அவங்களுக்காகப் பேசற மாதிரி பேசறீங்க. நம்மளைக் காப்பாத்திக்கத்தான் இந்தப் பேச்சு."

அவர் கோபப்படவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "சரி, போவோம்" என்றார். முதலில் டாக்டரம்மா தனியாக அந்தத் தாயிடம் போய், இப்படி ஒன்று நடந்துவிட்டது, கேட்க விருப்பமா என்று விசாரித்தார். வரச் சொல்லிப் பதில் வந்தது. ஒரு மாலை இயக்குநர், டாக்டரம்மா, ரேடியோ மூவரும் போனார்கள்.

குரலை வைத்து அந்தத் தாயைக் கொஞ்சம் மூத்த பெண்ணாக ரேடியோ நினைத்திருந்தாள். கதவைத் திறந்தவளோ சின்னப் பெண், தன் தங்கை வயதுகூட இருக்காது. கூடத்தில் உட்காரச் சொன்னாள். உள் அறையில் ஆள் நடமாட்டம் கேட்டது. இயக்குநர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தப்பு எங்களுடையது என்றார், மன்னிப்புக் கேட்டார்.

"எத்தனை பேர் கேட்டாங்க?" என்றாள் அவள்.

"சரியாத் தெரியலைம்மா. சில பயிற்சி வகுப்பு, அப்புறம் ஒரு கூட்டம்..."

"தெரியலையா?" அவள் எழுந்துவிட்டாள். "என் புள்ள போனதை எத்தனை பேர் உக்காந்து கேட்டாங்கன்னு உங்களுக்கே தெரியலையா? கேட்டுட்டு என்ன செஞ்சாங்க? கை தட்டினாங்களா?"

ரேடியோதான் பேசினாள். "நான் இருந்த இடத்துல யாரும் தட்டலைம்மா. மத்த இடத்தைப் பத்தி எனக்குத் தெரியாது. நீங்க எவ்வளவு திட்டினாலும் தகும்."

அந்தப் பெண் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "நீங்கதானா அது?"

"ஆமாம்மா."

வந்ததிலிருந்து எரிந்துகொண்டிருந்த அந்தக் கண்கள் இப்போது வேறு எதையோ தேடின. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். வேற யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியலை. நான் சரியா அழுத்தலைன்னு சொல்றாங்க. பதறிப்போய்க் கண்டபடி செஞ்சிருப்பேன், அதான் புள்ள தங்கலைன்னு. இந்த வீட்டுல தினமும் அந்தப் பேச்சுதான். நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்களே. நான் சரியாச் செஞ்சேனா, இல்லையா?"

ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரியாத்தான் செஞ்சீங்க" என்றாள். "நான் எண்ணும்போதெல்லாம் உங்க மூச்சு கூடவே வந்துச்சு. ஒரு எண்ணிக்கைகூட நீங்க விடலை. வண்டியில வந்தவங்ககிட்ட எங்க சித்தப்பா விசாரிச்சார். கதவைத் திறந்தப்போ நீங்க செஞ்சுக்கிட்டு இருந்த விதம் சரியா இருந்துச்சுன்னு அவங்களும் சொன்னாங்க. வண்டிதான் தாமதம். நீங்க இல்லை."

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் உள் அறைக் கதவைத் தட்டித் திறந்தாள். கட்டிலில் மாமியார் உட்கார்ந்திருந்தாள். சுவரோரமாகக் கணவன் நின்றிருந்தான்.

"இங்கே வாங்க" என்று ரேடியோவை அழைத்தாள். "இப்போ சொன்னதை இவங்க முன்னாடி சொல்லுங்க."

ரேடியோ வாசற்படியில் போய் நின்று, அந்த இருவரையும் நேருக்கு நேர் பார்த்துச் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கணவன் அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்தான். மாமியார் எங்கேயோ பார்த்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"அவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது" என்றாள் அந்தப் பெண். "இன்னொரு தடவை சொல்லுங்க."

ரேடியோ இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னாள்.